ஆன்லைனில் கட்டடப் பங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

“பத்து லட்சம் போடுங்கள், பெங்களூர் ஐ.டி. கட்டடத்துக்கு முதலாளி ஆகுங்கள்” என்ற விளம்பரம் இப்போது எல்லார் போனிலும் வருகிறது. அதையொட்டி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இப்படிக் கட்டடப் பங்கு விற்கும் இணையதளங்களில் எது எத்தனை சதவீதம் தருகிறது என்பது பற்றியவை. சொத்து யார் பெயரில் இருக்கும் என்று கேட்டவர் ஒருவர்தான். அவருக்கே முதல் பதில்.

தளத்தில் பணம் கட்டினால் என் பெயரில் பத்திரம் பதிவாகுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஆகாது. கட்டடம் ஒரு கம்பெனியின் பெயரிலோ டிரஸ்டின் அமைப்புக்குள்ளோ இருக்கும். உங்களிடம் இருப்பது அதன் பங்கு, கடன் பத்திரம் அல்லது யூனிட். தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்த்து மனை வாங்கிப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். உறுத்தினாலும் தவறில்லை. அந்த உறுத்தலோடு அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: இந்தக் காகிதத்தைக் கண்காணிப்பது யார்?

சில வருடங்களுக்கு முன்புவரை இந்தத் தளங்கள் கட்டடத்துக்கு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கி, அதில் 200 பேருக்குள் ஆள் சேர்த்தன. விற்க நினைத்தால் அதே தளத்தின் மறுவிற்பனைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 2024 மார்ச்சில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி விதிகளைத் திருத்தி, ‘எஸ்எம் ரீட்’ என்ற வகையைக் கொண்டுவந்தது. ரீட் என்பது பலரின் பணத்தில் கட்டடங்களை வைத்திருந்து வாடகையைப் பகிரும் டிரஸ்ட்; எஸ்எம் ரீட் அதன் சிறிய, நடுத்தர வடிவம். ஒரு திட்டத்தின் சொத்து மதிப்பு 50 கோடிக்குக் குறையக் கூடாது, 500 கோடிக்குள் இருக்க வேண்டும். குறைந்தது 200 முதலீட்டாளர்கள் வேண்டும். திட்டத்தின் சொத்து மதிப்பில் குறைந்தது 95 சதவீதம், கட்டி முடித்து வாடகை வரும் கட்டடங்களில் இருக்க வேண்டும். டிரஸ்டி உண்டு, பங்குச்சந்தையில் பட்டியலிடுவது கட்டாயம்.

ஆகவே தளத்துக்காரரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். செபியின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். “அப்ளை பண்ணியிருக்கோம் சார், சீக்கிரம் வந்துடும்” என்றால், வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். பதிவு இருந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். 2025இல், பதிவு பெற்ற ஓர் எஸ்எம் ரீட் குறித்து செபியே பொதுமக்களை எச்சரித்தது. அந்த நிறுவனம் பதிவைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

சாதா ரீட், எஸ்எம் ரீட் இரண்டில் எது? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

முதன்முறை என்றால் சாதா ரீட். 2019 ஏப்ரலில் எம்பசி ரீட் பங்குச்சந்தையில் பட்டியலானது. பிறகு மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, 2023இல் மால்களை வைத்திருக்கும் நெக்சஸ், 2025இல் நாலெட்ஜ் ரியால்டி என வரிசையாக வந்தன. ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம், சில நூறு ரூபாய்தான். கைக்கு வரும் நிகரப் பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பகிர்ந்தாக வேண்டும். உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையிலுள்ள ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோன் 2024இல் எம்பசி ரீட்டுக்குள் வந்தது. போரூரின் காமர்ஸோன் மைண்ட்ஸ்பேஸிடம் இருக்கிறது.

எஸ்எம் ரீட்டில் நுழையவே 10 லட்சம் வேண்டும். முதலில் வந்தது பிராப்ஷேர் பிளாட்டினா, 2024 டிசம்பரில் 353 கோடிக்கு, பெங்களூரில். அடுத்தது தானேயில், 2025இல் 473 கோடிக்கு. சந்தையில் பட்டியலாகியிருக்கிறது என்பதாலேயே நினைத்த நாளில் விற்றுவிட முடியாது. எதிர்ப்பக்கம் 10 லட்சத்தோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். வாடகைக்காரர் கிளம்பினால் சாதா ரீட்டில் ஒரு மாடி காலியாகும். ஒரே கட்டடத்தை, ஒரே வாடகைக்காரரை நம்பிய திட்டத்தில் வருமானமே காலி.

ஒரு தளம் ஐஆர்ஆர் 14 சதவீதம் என்கிறது, இன்னொன்று 16 என்கிறது. வாடகை இரண்டிலும் 8 சதவீதம்தான். எதில் போடலாம்? (பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்)

ஐஆர்ஆர் என்பது வாடகையையும் கடைசி விற்பனை விலையையும் சேர்த்துக் கணக்கிடும் வருடாந்திர வருமான விகிதம். வாடகை ஒன்றாக இருந்தும் 2 சதவீதம் எங்கிருந்து வந்தது? கட்டடத்தைக் கடைசியில் என்ன விலைக்கு விற்போம் என்ற ஊகத்திலிருந்துதான் பெரும்பாலும் வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கோடிக் கட்டடம், வருட வாடகை 8 கோடி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு, இது நம் ஊர் அலுவலக ஒப்பந்தங்களில் சகஜம். ஐந்தாம் வருடம் வாடகை 9.20 கோடி. அன்றைக்கு வாங்குபவரும் 8 சதவீத வாடகை போதும் என்றால் விலை 115 கோடி. 7.5 போதும் என்றால் கிட்டத்தட்ட 123 கோடி. 9 வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் 102 கோடிதான். கட்டடம் அதே, வாடகைக்காரர் அதே, 20 கோடி வித்தியாசம். வெளியீட்டு ஆவணத்தில் எந்த விகிதத்தை வைத்துக்கொண்டார்கள் என்று தேடுங்கள். வாங்கிய விகிதத்தைவிடக் குறைவாகப் போட்டிருந்தால், அந்த 16 சதவீதத்தை நான் மதிக்க மாட்டேன்.

கூடவே லாக்-இன் காலத்தையும், அதாவது வாடகைக்காரர் காலி செய்ய முடியாத காலத்தையும் பாருங்கள். “9 வருட குத்தகை” என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே படித்தால் வாடகைக்காரருக்கு லாக்-இன் 3 அல்லது 5 வருடம்தான், அதன் பிறகு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம். 9 வருடமும் கட்டுப்படுவது பெரும்பாலும் கட்டடத்துக்காரர் மட்டுமே, அதாவது நீங்கள். காட்டிய 8 சதவீதம் நிர்வாகக் கட்டணம் போகவா, சேர்த்தா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பண்ணை நிலத்தில் பங்கு, மாதம் 1 சதவீதம் உறுதி, மூன்று வருடத்தில் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்கிறார்கள். (மதுரை)

வேண்டாம். பலரிடம் பணம் திரட்டி, நிலத்தைத் தாங்களே நிர்வகித்து, லாபம் தருவதாகச் சொன்னால் அது கூட்டு முதலீட்டுத் திட்டம்; செபி பதிவு கட்டாயம். பிஏசிஎல் என்ற நிறுவனமும் நிலத்தைக் காட்டித்தான் மக்களிடம் பணம் வாங்கியது. 49,100 கோடியைத் திருப்பித் தரச் சொல்லி 2014இல் செபி உத்தரவிட்டது. அந்த ரசீதுகளை இன்னும் பீரோவில் வைத்திருப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். உறுதி கொடுப்பவரும் பணம் வாங்குபவரும் ஒரே ஆள் என்றால் அந்த உறுதிக்கு மதிப்பில்லை.

துபாயில் வேலை. இங்குள்ள ஆப்பில் 500 திர்ஹத்துக்கே ஃபிளாட்டில் பங்கு கிடைக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகும் வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். என்ஆர்ஐ ஆக இருந்தபோது வாங்கிய சொத்தை வைத்திருக்க, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா தடுக்கவில்லை. சிக்கல் வருமான வரியில்தான். திரும்பிய முதல் சில வருடங்கள் பலருக்கு ‘ஆர்என்ஓஆர்’ நிலை (ரெசிடென்ட்தான், ஆனால் வரிக்கு வழக்கமான ரெசிடென்ட் அல்ல) கிடைக்கும். அப்போது அந்த வாடகைக்கு இங்கே வரி இல்லை. அது முடிந்து முழு ரெசிடென்ட் ஆனதும் வாடகைக்கு வரி உண்டு, ரிட்டனில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலிலும் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமிருக்கிறது. சின்னத் தொகைகளுக்கு விலக்கு உண்டுதான், ஆனால் அதை நம்பி விடாதீர்கள். திரும்பும் தேதி முடிவாகிவிட்டால், புதிதாகப் போடுவதை நிறுத்திக்கொள்வது நல்லது.

ரீட்டிலிருந்து வரும் பணம் முழுக்க வரி கட்ட வேண்டியதா? (கோவை)

இல்லை. ஒரே தொகையாக வங்கிக்கு வந்தாலும் அதற்குள் வட்டி, டிவிடெண்ட், கடன் திருப்பம் (ரீட் தன் கட்டடக் கம்பெனிகளுக்குக் கொடுத்த கடனின் அசல் திரும்பி வருவது) எனப் பிரிவுகள் உண்டு. வட்டிக்கு உங்கள் வரி விகிதப்படி வரி. 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். கடன் திருப்பமாக வரும் பகுதிக்குப் பொதுவாக உடனே வரி இல்லை, உங்கள் வாங்கிய விலையில் கழியும்; விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரியும். 12 மாதம் தாண்டி விற்றால், வருடத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேலான லாபத்துக்கு 12.5 சதவீதம். ரீட் அனுப்பும் பிரிப்புத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பர்சனல் லோன் எடுத்து எஸ்எம் ரீட்டில் போடலாமா? (சேலம்)

8 சதவீத வாடகைக்கு 12 சதவீத வட்டியா? கூடாது.