முட்டியில் தேய்வது எலும்பா?

கேள்வி: அம்மா பல வருஷம் விசைத்தறியில் நின்றே வேலை பார்த்தவர். இப்போது வலது முட்டியில், அதுவும் உட்பக்கமாகவே வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "தொடை எலும்போட அடியில, உள் குமிழ்கிட்ட இடைவெளி குறைஞ்சிருக்கு" என்றார். எலும்பே தேஞ்சு போச்சு, இனி நடக்கவே கூடாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அது என்ன குமிழ்? ஏன் உட்பக்கம் மட்டும்?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: நடக்கவே கூடாது என்ற பேச்சை முதலில் தள்ளி வையுங்கள், அம்மிணி.

தொடை எலும்பு முட்டிக்கு வந்து சேரும் இடத்தில் அகன்று, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு குமிழாக முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டின் பின்னந்தொடை எலும்பைக் கையில் வாங்கிப் பாருங்கள்: அதே இரண்டு குமிழ், முன்னால் முட்டிச்சில்லு ஏறி இறங்கும் பள்ளம், பின்னால் குமிழ்களுக்கு நடுவே ஒரு குழி. நம் முட்டியில் அந்தக் குழிக்குள்தான், விளையாட்டுப் பையன்கள் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்று வந்து நிற்கிறார்களே, அந்தக் குறுக்கு ஜவ்வுகள் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. குமிழின் மேல் விரலை ஓட்டினால் வழுக்கும், லேசாக நீலம் பாய்ந்த வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும். அதுதான் குருத்தெலும்பு, முதலில் தேய்வதும் அதுதான். எக்ஸ்ரேயில் அது விழாது, இரண்டு எலும்புக்கும் நடுவே வெற்றிடமாகத்தான் தெரியும், அந்த இடம் குறுகினால் பூச்சு மெலிந்துவிட்டது என்று டாக்டர் புரிந்துகொள்கிறார்.

உட்பக்கம் ஏன் என்றால், நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம், உடம்பின் பாரம் அந்த முட்டிக்கு உட்பக்கமாக இறங்குவதால் உள் குமிழ்தான் பெரும்பங்கைச் சுமக்கிறது. கால் வெளிப்பக்கம் வளைந்தவர்களுக்கு இது இன்னும் கூடும்.

இன்னொரு விஷயம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. முட்டிக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்துதான் அதற்குச் சத்து, அது உள்ளே போக அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வேண்டும். அசையாமல் நிற்பதிலும் அது கிடைக்காது, கட்டிலிலேயே கிடப்பதிலும் கிடைக்காது, அளவான நடையில் கிடைக்கும். அப்புறம், நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி சில நொடி பிடித்து இறக்கச் சொல்லுங்கள், முன்தொடைச் சதை பலமானால் முட்டிக்குப் பெரிய துணை. எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது அவசியம். ஆட்டுக்கால் சூப்பு குடிக்கட்டும், ஆனால் அது தேய்ந்த பூச்சைத் திரும்ப வளர்க்காது.

கேள்வி: பத்து வயசுப் பையனுக்கு முட்டிக்குச் சற்று மேலே எலும்பு முறிவு. கட்டுப் பிரித்தாச்சு, நன்றாக நடக்கிறான். இன்னும் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள்?
- ஒரு வாசகர், கோபி

பதில்: தவறாமல் போங்கள், சார். குமிழ்களுக்குச் சற்று மேலேதான் வளர்ச்சித் தட்டு இருக்கிறது, தொடை எலும்பின் நீளத்தில் சுமார் 70 சதவீதம் அங்கிருந்துதான் வளர்கிறது. அதில் அடிபட்டிருந்தால் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரலாம், அது உடனே தெரியாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சரி செய்ய வழி உண்டு, அதனால் டாக்டர் போதும் என்று சொல்லும்வரை கூட்டிக்கொண்டு போங்கள். நடுவில் யாராவது எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.