லட்சக்கணக்கில் எண்கள்; எந்தச் சார்ட்? – வாசகர் கேள்வி பதில்

பெரிய தரவுகளைப் படமாக்குவது பற்றி வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சென்சார் நிமிடத்துக்கு ஒரு முறை பி.எச். (அமில–கார அளவு), டி.டி.எஸ். (நீரில் கரைந்த திடப்பொருள் அளவு) இரண்டையும் பதிகிறது. ஒரு வருடத் தரவை எக்செலில் லைன் சார்ட்டாகப் போட்டால் நீல நிறத்தில் ஒரு பட்டைதான் தெரிகிறது. கோட்டை மெல்லியதாக்கியும் பலனில்லை. – பணியாளர் ஒருவர், ராணிப்பேட்டை

பதில்: கோட்டின் தடிமனைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்குதான் இடிக்கிறது. நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 1,440, ஆண்டுக்கு 5,25,600 அளவீடுகள். திரையின் அகலமோ பெரும்பாலும் 1,920 பிக்சல். ஒவ்வொரு பிக்சல் அகலத்திலும் சுமார் 274 அளவீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அவற்றில் மிகக் குறைந்ததும் மிக அதிகமானதும்தான் கண்ணில் படும், நடுவில் இருப்பதெல்லாம் மை. ஆகவே எதையாவது சுருக்கித்தான் ஆகவேண்டும். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கவே கூடாது என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிடும்.

"எந்த நேரத்தில், எந்த நாட்களில் எகிறுகிறது?" என்பது உங்கள் கேள்வியானால், எண்ணின் அளவைக் கட்டத்தின் நிறத்தால் காட்டும் ஹீட்மேப் போடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரிசை, ஒரு மணிக்கு ஒரு கட்டம்: 365 × 24, மொத்தம் 8,760 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 60 அளவீடுகள் அடங்கும். எக்செலில் இதற்குத் தனிச் சார்ட் தேவையில்லை. தேதியும் நேரமும் சேர்ந்திருக்கும் பத்தியிலிருந்து இன்ட் ஃபார்முலாவால் தேதியையும், ஹவர் ஃபார்முலாவால் மணியையும் தனிப் பத்திகளாகப் பிரியுங்கள். தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் வரிசைக்குத் தேதி, பத்திக்கு மணி, மதிப்புக்கு டி.டி.எஸ். சராசரி வையுங்கள். பிறகு கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் கலர் ஸ்கேல் கொடுங்கள். அதில் குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு இரண்டையும் 'நம்பர்' என்று மாற்றி, நீங்களே எண்ணைத் தட்டச்சு செய்யவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஷீட்டிலும் எக்செல் வேறு வேறு அளவுகோலை எடுத்துக்கொள்ளும். ஜனவரியின் சிவப்பும் ஜூனின் சிவப்பும் ஒன்றாக இராது. கட்டத்துக்குள் எண்கள் தெரியாமல் இருக்க, எண் வடிவத்தில் மூன்று அரைப்புள்ளிகளை மட்டும் இடுங்கள்.

எல்லாக் கட்டத்திலும் 60 என்றே வந்தால் பிவட் சராசரி எடுக்கவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மதிப்புப் பத்தியில் வெற்றிடமோ, சென்சார் எழுதிய பிழைச் சொல்லோ இருந்தால் அது தானாகவே 'கவுன்ட்'டுக்குப் போய்விடும். அதையும் வீணாக்காதீர்கள், பிழைச் சொற்களை எண்ணாத 'கவுன்ட் நம்பர்ஸ்' என்று மாற்றி, எண்ணிக்கைப் பிவட்டையே முதலில் பாருங்கள். 60-க்குக் குறைந்த கட்டங்கள் சென்சார் படுத்த நேரங்கள். அவற்றைச் சாம்பல் நிறத்தில் காட்டவேண்டும், பூஜ்ஜியமாக அல்ல. அடுத்த தொல்லை தேதி. கணினியின் தேதி முறை அமெரிக்க வழக்கில் இருந்தால் 03-04 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 12-ஐத் தாண்டிய நாட்களைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் தேதிகள் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பி.எச்.-க்கு ஒரு தனி எச்சரிக்கை: மணிக்கணக்கில் சராசரி எடுக்காதீர்கள். அது லாக் அளவுகோல், ஒரு எண் மாறினால் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறும். அதோடு அரை மணி 4, அரை மணி 10 என்று ஓடியிருந்தாலும் சராசரி 7 என்று சாதுவாக நிற்கும். அமிலமும் காரமும் மாறி மாறிப் போன மணி, படத்தில் உத்தமமான மணியாகிவிடும். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டுக்கும் தனித்தனி ஹீட்மேப் போடுங்கள்.

லைன் சார்ட்தான் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டால், எக்செலிலேயே தரவைத் தொகுக்க உதவும் பவர் குவெரியில் 'குரூப் பை' கொடுத்து நாள்வாரியாக மினிமம், மீடியன் (நடு மதிப்பு), மாக்ஸிமம் மூன்றையும் எடுங்கள். அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து நான்காவது பத்தி ஒன்று. பிறகு ஸ்டாக்டு ஏரியா சார்ட்டில் கீழே குறைந்தபட்சத்தை நிறமின்றியும், அதன்மேல் கழித்து வந்த பத்தியை வெளிர் நிறத்திலும் வைத்து, மீடியனைக் கோடாகப் போடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த எல்லையை இன்னொரு கோடாகச் சேர்த்தால் பட்டை எந்த நாளில் எல்லை தாண்டியது என்பது பளிச்சென்று தெரியும்.

கேள்வி: ஷூ தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டில் 23 வகைக் குறைகள் பதிவாகின்றன. பை சார்ட் போட்டால் நிறங்களே போதவில்லை. – ஆம்பூர் வாசகர்

பதில்: 23 துண்டுக்கு பை சார்ட் வேண்டவே வேண்டாம். புள்ளியியலாளர்கள் கிளீவ்லாண்ட், மெக்கில் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அடிக்கோட்டிலிருந்து அளக்கும் நீளத்தைக் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது, கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறுகிறது என்று காட்டியது. படுக்கைவாட்டுப் பார் சார்ட் போட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். குறையின் பெயர் நீளமாக இருந்தாலும் படுக்கைவாட்டில் சாயாமல் நிற்கும். எக்செல் 2016 முதல், இப்படி அடுக்கிய பார்களோடு கூட்டுச் சதவீதக் கோட்டையும் போடும் பரேட்டோ சார்ட்டும் இருக்கிறது, ஹிஸ்டோகிராம் பிரிவுக்குள் தேடுங்கள். ஆனால் எண்ணிக்கையை வைத்து மட்டும் அடுக்கினால் துடைத்தால் போகும் பசைக் கறை முதலிடத்திலும், ஜோடியையே கழிக்க வைக்கும் தோல் வெடிப்பு கடைசியிலும் நிற்கக்கூடும். ஒவ்வொரு குறைக்கும் ஆகும் செலவால் பெருக்கி இன்னொரு படம் போடுங்கள். எந்த உற்பத்தி லைனில் எந்தக் குறை என்று பார்க்க, குறை × உற்பத்தி லைன் ஹீட்மேப்.

கேள்வி: லுங்கி மொத்த வியாபாரம். சுமார் 180 கடைகளின் மாத விற்பனையை ஒரே சார்ட்டில் போட்டால் நூல் சிக்கு மாதிரி இருக்கிறது. எந்தக் கடை சரிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – குடியாத்தம் வாசகர்

பதில்: ஒரு சார்ட்டில் ஐந்தாறு கோடுகளுக்கு மேல் நிறத்தால் பிரித்துப் படிக்க முடியாது. இரண்டு வழிகள் உண்டு. எல்லாக் கடைகளையும் வெளிர் சாம்பலில் போட்டு, கேள்விக்குரிய ஒரு கடையை மட்டும் அடர் நிறத்தில் காட்டலாம். அல்லது கடைக்கு ஒரு சிறு கோட்டுப்படமாக அடுக்கிப் பார்க்கலாம். எக்செல் 2010 முதல் ஸ்பார்க்லைன் என்று ஒரே கட்டத்துக்குள் அடங்கும் கோடு உண்டு. 180 வரிசைக்கும் ஒரே இழுப்பில் போட்டுவிடலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்பார்க்லைன் இயல்பாக ஒவ்வொரு வரிசைக்கும் தனி அளவுகோலை எடுத்துக்கொள்ளும். மாதம் 40 லுங்கி விற்கும் கடையின் ஏற்றமும் 4,000 விற்கும் கடையின் ஏற்றமும் ஒரே உயரத்தில் தெரியும். ஆக்ஸிஸ் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்று மாற்றினாலோ சின்னக் கடைகள் தரையோடு படுத்துவிடும். 'சரிகிறதா' என்பதுதான் உங்கள் கேள்வி என்பதால், ஒவ்வொரு கடையின் முதல் ஆண்டு மாதச் சராசரியை 100 என்று வைத்து மற்ற மாதங்களை அதன் விகிதமாக மாற்றுங்கள். பிறகு பொது அளவுகோல் கொடுங்கள். கடைசி ஆறு மாதச் சராசரியை வைத்து வரிசைப்படுத்தினால் சரியும் கடைகள் தாமாகவே ஒரு முனையில் வந்து சேரும். அகரவரிசையில் விட்டால் ஒன்றும் புலப்படாது.

துணி வியாபாரத்தில் இன்னொன்று. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. 'போன வருடம் இதே மாதம்' என்று ஒப்பிட்டால் 2023 நவம்பரை விட 2024 நவம்பரில் எல்லாக் கடையும் கவிழ்ந்தது போலத் தெரியும். நாள்காட்டி மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளிக்கு முந்தைய எட்டாவது வாரம், ஏழாவது வாரம் என்று எண்ணி, ஆண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். வாரவாரியான பில் தரவு இருந்தால்தான் இது முடியும். மாதத் தொகையை மட்டும் வைத்திருந்தால் அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்து ஒரே பருவமாகக் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு லட்சம் ரத்தப் பரிசோதனை முடிவுகள். வயதையும் சர்க்கரை அளவையும் ஸ்கேட்டர் பிளாட்டில் போட்டால் கறுத்த குவியல்தான். – ஆய்வு மாணவி, வேலூர்

பதில்: முதலில் புள்ளியைச் சிறிதாக்கி, ஒளிபுகாத் தன்மையை (ஆல்ஃபா) நூற்றுக்கு இரண்டு, மூன்று வரை இறக்கிப் பாருங்கள். சில ஆயிரம் புள்ளிகளுக்கு அது போதும். இரண்டு லட்சத்துக்கு ஹெக்ஸ்பின் சரியானது: பரப்பை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதை நிறத்தால் காட்டும். பைத்தானின் மேட்பிளாட்லிப், ஆர் மொழியின் ஜிஜிபிளாட் இரண்டிலும் உண்டு. குறுக்கே 40 முதல் 60 கட்டங்கள் என்று தொடங்குங்கள். நிறத்துக்கு லாக் அளவுகோல் கொடுங்கள். இல்லாவிட்டால் நடுக்கூட்டம் மட்டும் ஒளிர்ந்து, 400-க்கு மேல் சர்க்கரை உள்ளவர்கள் பின்னணியோடு கரைந்துவிடுவார்கள். உங்களுக்கு முக்கியமானவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

வயதைச் சொல்பவர்கள் 40, 45, 50 என்று ஐந்தின் மடங்காகவே சொல்வது நம் ஊர் வழக்கம். படத்தில் அந்த இடங்களில் செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் நோய் அங்கே குவிந்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள். ஐந்தாண்டுப் பிரிவுகளாக்கி, பிரிவுக்கு ஒரு பாக்ஸ் பிளாட் (நடுப்பாதிப் பேரின் மதிப்புகளைப் பெட்டியாகக் காட்டும் படம்) போட்டால் கோடுகள் மறையும், போக்கும் தெளியும். பிரிவின் விளிம்பு மட்டும் 40, 45-இல் விழாமல் 38–42, 43–47 என்று அமையட்டும். குவியும் எண் பிரிவின் நடுவில் நிற்கவேண்டும். ஒன்று மட்டும் கவனம்: பாக்ஸ் பிளாட் இரட்டைத் திமிலைக் காட்டாது. சிகிச்சையில் இருப்பவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டு கூட்டம் கலந்திருந்தால் அது ஒரே பெட்டியாக்கி மூடிவிடும். அந்தச் சந்தேகம் இருந்தால், எந்த மதிப்பில் எத்தனை பேர் என்பதை அகலத்தால் காட்டும் வயலின் பிளாட். வெறும் வயிற்றில் எடுத்ததையும் சாப்பிட்ட பின் எடுத்ததையும் ஒரே படத்தில் கலந்தால் எந்தச் சார்ட்டும் காப்பாற்றாது.

கேள்வி: வேலூர் மாவட்டப் பள்ளி மாணவர் எண்ணிக்கையை 2011 முதல் கோடாகப் போட்டேன். 2019-க்குப் பிறகு பாதாளத்துக்குப் போகிறது. – ஆசிரியர், அணைக்கட்டு

பதில்: மாணவர்கள் எங்கும் போகவில்லை, மாவட்டம்தான் மூன்றானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2019-க்குப் பிந்தைய எண்களில் மூன்று மாவட்டங்களையும் கூட்டி, கோட்டுக்குப் 'பழைய வேலூர் மாவட்டம்' என்று பெயரிடுங்கள். இன்றைய வேலூர் மட்டும் வேண்டுமென்றால் பழைய ஆண்டுகளைத் தாலுகாவாரியாக எடுத்து, ஆம்பூர், வாணியம்பாடி, அரக்கோணம் போன்று வெளியே போனவற்றைக் கழிக்கவேண்டும். இரண்டும் முடியாவிட்டால் கோட்டை 2019-இல் வெட்டி இடைவெளி விடுங்கள். இன்னும் பின்னால் போகிறவர்களுக்கு 1989-இலும் இதே கதை: அப்போது வட ஆற்காடு இரண்டாகி, திருவண்ணாமலை தனியானது.

சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக்கூடாது. மூன்று மாவட்டத் தேர்ச்சி விகிதத்தைச் சேர்க்க, தேறியவர்களைத் தனியாகவும் எழுதியவர்களைத் தனியாகவும் கூட்டி அப்புறம் வகுங்கள். வரைபடத்தில் நிறம் பூசுவதாக இருந்தால் விகிதத்துக்கு மட்டும் பூசுங்கள். எண்ணிக்கைக்குப் பூசினால், ஜவ்வாது மலைப் பக்கம் ஆள் குறைவாக உள்ள பெரிய பரப்பு கண்ணை இழுக்கும், நெருக்கமான வேலூர் நகரம் புள்ளியாகச் சுருங்கும். எண்ணிக்கைக்கு, பரப்பால் அளவிட்ட வட்டங்கள் போதும்.

கேள்வி: சாங்கி, ட்ரீமேப், ராடார், 3டி... நவீனச் சார்ட்டுகளில் எவை உருப்படியானவை? – காட்பாடி வாசகர்

பதில்: சாங்கி நல்லது, ஓடும் பொருளுக்கு மட்டும்: உள்ளே வந்த தண்ணீர் எங்கெங்கே பிரிந்தது என்பது போல. முப்பது கிளைக்கு மேல் போனால் சின்னவற்றை 'இதர' என்று சேர்த்துவிடுங்கள். நவீனம் என்கிறீர்கள், பொறியாளர் சாங்கி தன் நீராவி எஞ்சின் படத்தைப் போட்டது 1898-இல்! பெட்டிக்குள் பெட்டியாக அளவைப் பரப்பால் காட்டும் ட்ரீமேப், ஹார்ட் டிஸ்க்கில் எந்தக் கோப்பு இடத்தை அடைக்கிறது என்று பார்க்கக் கணினி அறிஞர் ஷ்னைடர்மேன் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. இன்றும் அந்த மாதிரி வேலைக்கே பொருத்தம். சிலந்தி வலை போன்ற ராடாரில் அச்சுகளின் வரிசையை மாற்றினால் உருவமே மாறிவிடும், எனவே தள்ளுபடி. 3டி வேண்டாம், முன்னால் நிற்கும் பார் பின்னால் நிற்பதை மறைக்கும்.

கேள்வி: எந்த நிறம்? – வாலாஜாபேட்டை வாசகி

பதில்: வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போகும் ஒரே நிறம், அல்லது ஊதாவிலிருந்து பச்சை வழியாக மஞ்சளுக்குப் போகும் விரிடிஸ். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் வரிசை மாறாது. வானவில் நிறங்களில் மஞ்சள் திடீரென்று மின்னி, இல்லாத எல்லையைக் காட்டும். சிவப்பு–பச்சை ஜோடி நிறக்குறை உள்ளவர்களுக்கு ஒன்றாகவே தெரியும்.

கேள்வி: கோப்பில் 14 லட்சம் வரிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எக்செலில் திறந்தால் குறைவாக இருக்கிறதே? – ஆற்காடு வாசகர்

பதில்: எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் ஏறாது, அந்த ஷீட்டை அதே பெயரில் சேமித்தால் கோப்பிலிருந்தும் போய்விடும். பவர் குவெரி வழியாக டேட்டா மாடலில் ஏற்றிப் பிவட் போடுங்கள்.

கேள்வி: மேட்பிளாட்லிப்பில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக வருகின்றன. – வாணியம்பாடி வாசகர்

பதில்: அதன் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸின் நிர்மலாவை எழுத்துருவாகக் குறிப்பிடுங்கள். அப்போதும் பழைய பதிப்புகளில் 'கொ', 'பே' போன்றவற்றின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஏனென்றால் அந்தப் பதிப்புகள் எழுத்துகளைக் கோக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கின்றன. எஸ்.வி.ஜி.யாகச் சேமிக்கும்போது எழுத்தைக் கோடாக மாற்றாமல் எழுத்தாகவே வைக்கும் அமைப்பைக் கொடுத்து, பிரவுசரில் திறந்தால் சரியாக வரும். டேட்டாராப்பர் போல பிரவுசரிலேயே வரையும் கருவிகளில் இந்தச் சிக்கல் வராது.