சுசுகி கார் ஏன் இங்க இல்லைன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, ஊர்ல தெருவுக்கு நாலு ஸ்விஃப்ட் நிக்குது, அமெரிக்கா ரோட்ல ஒரு சுசுகி கூட கண்ல படலையே ஏன்னு கேட்டிருந்தீங்க, கூடவே 2011 மாடல் சுசுகி எஸ்எக்ஸ்4 கார் ஒண்ணு சல்லிசா வருது, வாங்கலாமான்னும் கேட்டீங்க.

சுசுகி இங்க இருந்துச்சு தம்பி. 1985ல சாமுராய்னு குட்டி ஜீப்போட வந்தாங்க, நல்லாவே போச்சு. 1988ல கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, இந்த வண்டி வளைச்சு ஓட்டினா சுலபமா கவுந்துடும்னு எழுதிடுச்சு. இங்க கார் வாங்குறவங்க எத்தனையோ பேர் அந்தப் பத்திரிகையப் பாத்துட்டுத்தான் வாங்குவாங்க. சுசுகி கேஸ் போட்டு அது 2004லதான் சமரசத்துல முடிஞ்சுது, அதுக்குள்ள பேர் கெட்டுப்போச்சு.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்து பண்ணினதுதான். கொரியாவுல டேவூ செஞ்ச கார்களை வெரோனா, ஃபொரென்சான்னு சுசுகி பேட்ஜ் ஒட்டி வித்தாங்க. சின்ன வண்டியும் ஃபோர் வீல் டிரைவும் அவங்களுக்குக் கைவந்த கலை, அதை விட்டுட்டு அடுத்தவன் வண்டிய வித்தா ஜனங்க உங்களை எதுக்காக ஞாபகம் வெச்சுக்கணும்? பின்னாடி கிஸாஷின்னு அருமையான செடான் கொண்டாந்தாங்க, அப்போ நம்பி வாங்க ஆள் இல்ல. ஜப்பான்ல செஞ்சு கப்பல்ல கொண்டாரணும், யென் விலை வேற ஏறிக்கிடந்துச்சு, டொயோட்டா ஹோண்டாவுக்கெல்லாம் இங்கயே ஃபேக்டரி இருக்கு. 2007ல ஒரு லட்சம் கார் வித்தவங்க 2011ல 27 ஆயிரத்தைக் கூடத் தொடல, 2012 நவம்பர்ல திவால் மனு போட்டு கார் விக்கிறதையே நிறுத்திட்டாங்க. பைக், போட் மோட்டார் மாதிரி மத்த வியாபாரம்தான் இப்போ ஓடுது.

இந்த ஊர்ல கார் நல்லாருந்தா மட்டும் போதாது தம்பி. விக்கிறது கொறைஞ்சா டீலர் கடையை மூடுவான், டீலர் இல்லேன்னா சர்வீஸுக்கு அம்பது அறுபது மைல் ஓடணும், அதனால ரீசேல் படுத்துடும், ரீசேல் படுத்த வண்டிய எவன் வாங்குவான், இப்படியே சுத்தி சுத்தி கழுத்தைப் பிடிக்கும். ரெனோவும் 1987ல, இங்க அமெரிக்கன் மோட்டார்ஸ்ங்கிற கார் கம்பெனியில வெச்சிருந்த தன் பங்கை கிரைஸ்லருக்கு வித்துட்டுக் கெளம்பினவங்கதான்.

ஹூண்டாயும் இதே குழியில கெடந்தவங்க. 1986ல எக்செல்ங்கிற மலிவு காரை அள்ளி அள்ளி வித்து, அது ரிப்பேர் மேல ரிப்பேர் ஆகி, ஜனங்க அந்தப் பேரைக் கேட்டாலே ஓடினாங்க. 1998ல துணிஞ்சு, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருஷம், ஒரு லட்சம் மைல் வாரன்டின்னு அறிவிச்சாங்க, தரத்தையும் ஏத்தினாங்க, 2005ல அலபாமாவுல ஃபேக்டரியே தொறந்தாங்க. அந்த முழு 10 வருஷமும் முதல் ஓனருக்குத்தான், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா அப்படியே வராது, இதையும் மனசுல வெச்சுக்குங்க.

அந்த எஸ்எக்ஸ்4 வண்டியில தப்பில்ல, ஆனா வேண்டாம். சின்னதா இடிச்சாலே பாடி பார்ட்ஸுக்கு அலையணும், ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டினா இன்சூரன்ஸ்காரன் டோட்டல் லாஸ்னு, அதாவது ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனமில்லைன்னு எழுதிடுவான். மைல் கொஞ்சம் அதிகமா ஓடியிருந்தாலும் பரவால்ல, ஒரு கொரோலாவோ சிவிக்கோ பாருங்க, பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி விக்கிறவன் சொல்ற ஆள் இல்லாம நீங்களா ஒரு மெக்கானிக்கைப் பிடிச்சுக் காட்டிடுங்க.