தேங்க்ஸ்கிவிங் வார இறுதியில் மோதும் பரம எதிரி ஆட்டங்களில் யார் ஜெயிப்பார்கள் என்று கணிப்பது எப்படி?

கேள்வி இது: "அமெரிக்காவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆபீஸில் தேங்க்ஸ்கிவிங் வாரத்துக் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களில் பத்தைக் கொடுத்து, ஜெயிக்கப் போவது யார் என்று எழுதச் சொல்கிறார்கள். பரம எதிரிகள் மோதினால் என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். நான் எதை வைத்து எழுதுவது?"

"என்ன வேண்டுமானாலும் நடக்கும்" என்பதை முதலில் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டிவி வர்ணனையாளர்கள் நவம்பர் கடைசியில் வருடா வருடம் எடுத்துவிடும் வசனம் அது. நடப்பதென்னவோ பெரும்பாலும் நல்ல அணி ஜெயிப்பதுதான். இந்தியானாவும் பர்டூவும் ஒரே மாநிலத்துப் பங்காளிகள். ஒரு பழைய ஓக் மர வாளியைக் கோப்பையாக வைத்து 1925 முதல் அடித்துக்கொள்கிறார்கள். 2024இல் இந்தியானா 66-0 என்று ஜெயித்தது. அடுத்த வருடம் 56-3. பகை இருந்தது, போட்டி இல்லை. வர்ஜீனியா டெக் தன் மாநிலத்து எதிரி வர்ஜீனியாவை 2004 முதல் 2018 வரை 15 முறை தொடர்ந்து தோற்கடித்தது. ஒஹையோ ஸ்டேட் 2012 முதல் 2019 வரை மிச்சிகனிடம் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. அந்த வருடங்களில் எல்லாம் "எதிரி ஆட்டம் ஆச்சே" என்று கட்சி மாறி எழுதியவர்கள் புள்ளிகளைக் கோட்டைவிட்டதுதான் மிச்சம்.

அதனால் அடிப்படை ரொம்ப எளிது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்தய நிறுவனங்கள் ஒரு ஸ்ப்ரெட் போடுவார்கள், அதாவது எந்த அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று சந்தை நினைக்கிறது என்பது. விளையாட்டுச் செய்தித் தளம் எதைத் திறந்தாலும் இலவசமாகக் கிடைக்கும். காயம், ஃபார்ம், சொந்த மைதானம் எல்லாம் அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே போய்விட்டது. சொந்த மைதானத்துக்கு மட்டும் பொதுவாக இரண்டு மூன்று புள்ளி சேர்த்திருப்பார்கள். வித்தியாசம் 3 என்றால் கிட்டத்தட்டக் காசு சுண்டுவது போலத்தான், ஃபேவரிட்டுக்கு, அதாவது ஜெயிக்கும் என்று சந்தை நினைக்கும் அணிக்கு, கொஞ்சம் சாதகம், அவ்வளவே. 7 என்றால் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஃபேவரிட் ஜெயிக்கும். 20 என்றால் பத்தில் ஒன்பதுக்கும் குறையாது. நீங்களும் நானும் சேர்ந்து ஒரு வாரம் வீடியோ பார்த்தாலும் அந்த எண்ணைவிட நன்றாகக் கணிக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து ஆட்டத்திலும் ஃபேவரிட் ஜெயிக்க 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துமே சரியாக வர வாய்ப்பு 11 சதவீதம்கூட இல்லை. சராசரியாக எட்டுதான் சரியாகும், இரண்டு கவிழும். அந்த இரண்டு எவை என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல எழுதப் போகும்போதுதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வார இறுதியில் அதிர்ச்சி வரும் என்பது நிச்சயம். எந்த ஆட்டத்தில் என்பதுதான் தெரியாது. உங்கள் சக ஊழியர் நான்கு அதிர்ச்சிகளை எழுதி, அதில் ஒன்று பலித்ததை அடுத்த தேங்க்ஸ்கிவிங் வரை சொல்லிக்கொண்டிருப்பார். மற்ற மூன்றை யாரும் கேட்கமாட்டார்கள்.

சரி, பகைக்கு ஒரு மதிப்புமே இல்லையா என்றால், இருக்கிறது. என் பார்வையில் அது ஜெயிப்பவரை மாற்றுவதைவிட வித்தியாசத்தைக் குறைக்கும் வேலையைத்தான் அதிகம் செய்கிறது. அதுவும் எல்லா மைதானத்திலும் ஒரேமாதிரி அல்ல. இதற்கு அலபாமாவும் ஆபர்னும் மோதும் 'அயர்ன் போல்' என்ற ஆட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இந்த ஆட்டம் ஒற்றைப்படை வருடங்களில் ஆபர்னில், இரட்டைப்படை வருடங்களில் டஸ்கலூசாவில், அலபாமாவின் மைதானத்தில் நடக்கும். டஸ்கலூசாவில் நடந்த ஆட்டங்களைப் பாருங்கள்: 2012இல் 49-0, 2016இல் 30-12, 2018இல் 52-21, 2020இல் 42-13, 2022இல் 49-27. எல்லாம் அலபாமாவுக்கு. இப்போது அதே இரண்டு கல்லூரிகள், ஆபர்னின் ஜோர்டன்-ஹேர் மைதானத்தில். 2013இல் ஆபர்ன் 34-28. 2017இல் ஆபர்ன் 26-14. 2019இல் ஆபர்ன் 48-45. 2021இல் அலபாமா ஜெயித்தது, ஆனால் நான்கு ஓவர்டைம் போய் 24-22. 2023இல் அலபாமா 27-24. 2025இல் 27-20. இவை பக்கத்துப் பக்கத்து வருடங்கள், அலபாமா அநேகமாக எல்லா வருடமும் பலமான அணி. அப்படியிருந்தும் ஊர் மாறினால் ஆட்டமே வேறாகிவிடுகிறது. அந்த மைதானத்துச் சத்தத்தில் வந்த அணியின் வீரர்களுக்குப் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சிக்னல் கொடுப்பதே பாடாகிவிடும்.

2023 ஆட்டம் தனிக்கதை. முந்தைய வாரம்தான் ஆபர்ன், நியூ மெக்சிகோ ஸ்டேட் என்ற சின்ன அணியிடம் சொந்த மண்ணில் 31-10 என்று உதை வாங்கியிருந்தது. அலபாமாவோ தன் கான்ஃபரன்ஸின், அதாவது கல்லூரிக் கூட்டமைப்பின், சாம்பியன் பட்டத்துக்கு ஆடப் போகும் அணி. ஸ்ப்ரெட் இரண்டு டச்டவுன் அளவுக்கு, அதாவது 14 புள்ளியை ஒட்டி, இருந்தது. கடைசி நிமிடத்தில் பார்த்தால் ஆபர்ன் 24-20 என்று முன்னால் நிற்கிறது. அலபாமாவுக்கு நான்காவது, கடைசி வாய்ப்பு. கோல் எல்லை 31 யார்டு தள்ளி இருக்கிறது. ஆபர்ன் இரண்டே பேரைப் பந்தை நோக்கி விரட்டவிட்டு மற்ற எல்லாரையும் பின்னால் நிறுத்தியது. குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ ஆற அமர நின்று பார்த்து, கோல் எல்லைக்கு அப்பால் இருக்கும் எண்ட் ஸோனின் மூலைக்கு எறிந்தார். ஐசாயா பாண்ட் பிடித்துவிட்டார். பாக்கி 32 விநாடி. அந்தப் பந்து நழுவியிருந்தால் "பார்த்தீர்களா, எதிரி ஆட்டத்தில் ஃபேவரிட்டை நம்பக் கூடாது" என்று வருடம் முழுக்கப் பேசியிருப்பார்கள். பிடித்ததால் உங்கள் தாளில் அலபாமா என்று எழுதியது சரி, ஒரு புள்ளி. 40 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அதே ஒரு புள்ளிதான்.

2024இல் ஜார்ஜியாவுக்கும் ஜார்ஜியா டெக்குக்கும் நடந்ததும் இதே வகை. பெரிய ஃபேவரிட்டான ஜார்ஜியா, பாதி ஆட்டத்தில் 17-0 என்று பின்தங்கி, கடைசியில் எட்டு ஓவர்டைம் ஆடி 44-42 என்று தப்பித்தது. ஜெயித்தது யார்? ஜார்ஜியா.

ஆகவே உங்கள் ஆபீஸ் போட்டி எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெயிப்பவரை மட்டும் எழுதினால் போதும் என்றால் ஃபேவரிட்டோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்ப்ரெட்டையும் சேர்த்துக் கணிக்க வேண்டும், அதாவது 14 புள்ளி ஃபேவரிட் 14க்குமேல் ஜெயிக்க வேண்டும் என்றால், சொந்த மைதானத்தில் ஆடும் பலவீனமான அணிப் பக்கம் சாய்வேன். ஆபர்ன் மாதிரி இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு. நிஜப் பணம் வைத்து ஆடுவது வேறு விஷயம். 100 டாலர் ஜெயிக்க 110 கட்ட வேண்டிய வழக்கமான கணக்கில், கைக்காசு போகாமல் இருக்கவே 52.4 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும். கேட்கத்தான் அது சின்ன எண்.

அப்படியானால் ஃபேவரிட்டுக்கு எதிராக எழுதவே கூடாதா? எழுதலாம், ஒன்றோ இரண்டோ. ஆனால் "ரோஷத்தோடு ஆடுவார்கள்" என்பது காரணம் ஆகாது. ரோஷம் இரண்டு பக்கமும்தான் இருக்கிறது. ஒஹையோ ஸ்டேட்டில் மிச்சிகன் ஆட்டம் வரும் வாரம் வளாகம் முழுக்கப் பலகைகளில் உள்ள 'எம்' எழுத்தின்மேல் சிவப்பு டேப்பால் குறுக்கே அடித்துவிடுவார்கள். ஜெயித்தால் வீரர்களுக்குச் சின்னத் தங்கக் கால்சட்டைப் பதக்கம் வேறு கொடுப்பார்கள், 1930களிலிருந்து வரும் வழக்கம். அவ்வளவு வெறி இருந்தும் ஜான் கூப்பர் என்ற பயிற்சியாளர் 13 வருடம் அங்கே இருந்து மிச்சிகனை இரண்டே முறைதான் ஜெயித்தார். 1995இலும் 1996இலும் தோல்வியே காணாமல் வந்து மிச்சிகனிடம் தோற்றார்.

பார்க்க வேண்டியது, ஃபேவரிட்டின் பலவீனமும் எதிரணியின் பலமும் ஒரே இடத்தில் முட்டுகிறதா என்பதை. 2024 நவம்பர் 30, ஒஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ். ஒஹையோ ஸ்டேட் சுமார் 20 புள்ளி ஃபேவரிட். மிச்சிகன் அந்த சீசனில் 6 வெற்றி, 5 தோல்வி. பந்தை எறியவே தெரியாத அணி, அன்றைக்கும் மொத்தம் 62 யார்டுதான் எறிந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் உள்ளே என்ன இருந்தது? ஒஹையோ ஸ்டேட் பந்தோடு முன்னேறும்போது வழிவிட்டுக் கொடுக்கும் முன்வரிசையில் இடது டேக்கிள், சென்டர் என்ற இரண்டு முக்கிய ஆட்களும் காயத்தால் சீசனையே முடித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சிகனின் தடுப்பு வரிசையில் நடுவில் நின்றவர்கள் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும். அடுத்த வசந்தத்தில் இருவருமே தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்கு ஆள் எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் போனவர்கள். ஓட்டை எங்கேயோ அங்கேயே சுவர் நின்றது. ஒஹையோ ஸ்டேட்டிடம் ஓரங்களில் பந்து பிடிக்க நாட்டிலேயே சிறந்த ஆட்கள் இருந்தும், திரும்பத் திரும்ப நடுவில் ஓடிக்கொண்டே இருந்தார்கள். 26 ஓட்டத்தில் 77 யார்டுதான். இரண்டு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பறித்துக்கொள்வது), தவறிய இரண்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி). 45 விநாடி இருக்கும்போது மிச்சிகன் ஒரு சின்ன ஃபீல்ட் கோல் அடித்து 13-10. முடிந்ததும் மைதான நடுவில் கொடியை நட்டதில் கைகலப்பாகி, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடித்து, இரண்டு கல்லூரிக்கும் ஆளுக்கு 1 லட்சம் டாலர் அபராதம்.

இதையெல்லாம் முன்னாலேயே தெரிந்துகொண்டு மிச்சிகன் என்று எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நானாக இருந்தாலும் ஒஹையோ ஸ்டேட் என்றுதான் எழுதச் சொல்வேன். ஆனால் அதற்கு உச்ச மதிப்பெண் போட்டிருக்கமாட்டேன். பல ஆபீஸ்களில் பத்து ஆட்டத்துக்கும் 1 முதல் 10 வரை நம்பிக்கைப் புள்ளி கொடுக்கச் சொல்வார்கள். 10ஐயும் 9ஐயும் இந்தியானா-பர்டூ போல எந்த இடத்திலும் எதிரணிக்குப் பலமே இல்லாத ஆட்டங்களுக்குக் கொடுங்கள். ஸ்ப்ரெட் பெரிதாக இருந்தும் எதிரணியின் தடுப்பு வரிசை நன்றாக இருந்தால் 6, 7 என்று இறக்குங்கள். காசு சுண்டும் ஆட்டங்களுக்கு 1, 2 போதும்.

அப்புறம், வெளியில் பேசப்படும் கதைகளைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். 2025இல் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) பயிற்சியாளர் லேன் கிஃபின் வேறு கல்லூரிக்குப் போகப் போகிறார் என்று வாரம் முழுக்க ஒரே பேச்சு. அணி சிதறிவிடும் என்றார்கள். மிசிசிப்பி ஸ்டேட்டின் மைதானத்துக்கே போய் 38-19 என்று ஜெயித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அவர் லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யூ) பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். அந்த ஆட்டம் நடந்த அதே வெள்ளிக்கிழமை, ஒரு தோல்விகூட இல்லாமல் டெக்சஸின் ஊரான ஆஸ்டினுக்கு வந்த டெக்சஸ் ஏ அண்ட் எம், டெக்சஸிடம் 27-17 என்று தோற்றது. அங்கே ஸ்ப்ரெட் சின்னது. மாற்றி எழுத இடம் கொடுப்பது இந்த மாதிரி ஆட்டங்கள்தான்: ஸ்ப்ரெட் மூன்றுக்குள், பலவீனமானதாகச் சொல்லப்படும் அணி சொந்த ஊரில். போட்டியில் ஐம்பது பேர் இருந்தால் இப்படி ஒன்றாவது மாற்றி எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் எல்லா ஃபேவரிட்டையும் எழுதிய இன்னும் பத்துப் பேரோடு கூட்டத்தில் நிற்பீர்கள். எட்டுப் பேர் மட்டும் என்றால் அந்த வேலையும் வேண்டாம்.

கடைசியாக டை-பிரேக்கர். சமநிலையானால் முடிவுகட்ட, பெரும்பாலும் மிச்சிகன்-ஒஹையோ ஸ்டேட் ஆட்டத்தின் மொத்தப் புள்ளிகளைக் கேட்பார்கள். 2021இலும் 2022இலும் 70ஐ ஒட்டி வந்தது, 2023இல் 54, 2024இல் 23, 2025இல் ஒஹையோ ஸ்டேட் 27-9 என்று ஜெயித்தபோது 36. பந்தய நிறுவனங்கள் மொத்தப் புள்ளிக்கும் ஓர் எண் போடுவார்கள், அதையே எடுத்துக்கொண்டு வானிலையைப் பார்த்து மாற்றுங்கள். மழையைவிடக் காற்றுதான் பந்து எறிவதையும் உதைப்பதையும் கெடுக்கும். 1950இல் கொலம்பஸில் பனிப்புயலுக்குள் ஆடி, மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (பத்து யார்டு முன்னேறினால் கிடைப்பது) எடுக்காமல் 9-3 என்று ஜெயித்திருக்கிறது. இரண்டு அணியும் சேர்ந்து 45 முறை பந்தை உதைத்துத் தள்ளியதுதான் அன்றைய ஆட்டம். ஆட்டம் வழக்கமாகச் சனிக்கிழமை மதியம், உங்கள் தாளை வாங்குவது அநேகமாகப் புதன்கிழமை மாலை. அன்றைக்குள் காற்று வேகம் மணிக்கு 20 மைலுக்குமேல் என்று முன்னறிவிப்பு வந்திருந்தால் நான் ஏழு புள்ளி குறைத்து எழுதுவேன்.