எல்லோருக்குள்ளும் புத்த இயல்பு (புத்தராக விழித்தெழும் தன்மை) ஏற்கெனவே இருக்கிறது என்றால், தினமும் உட்கார்ந்து தியானம் செய்வது எதற்கு? ஞானம் பயிற்சியின் பலனா, இல்லையா? இதுதான் நீங்கள் கேட்டது.

ஒரு பக்கம் "பயிற்சி செய்தால்தான் ஞானம்" என்கிறார்கள். இன்னொரு பக்கம் "நீ ஏற்கெனவே புத்தன்தான், உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்கிறார்கள். இரண்டையும் படித்தவருக்குக் குழப்பம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

நான் பௌத்த அறிஞன் இல்லை, துறவியும் இல்லை. பதினோரு வருடமாகக் காலையில் உட்காருகிறேன். முதல் மூன்று வருடம் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, எத்தனை நிமிடம், பத்துக்கு எத்தனை மார்க் என்று மூன்று கட்டம். மனம் அடங்கியிருந்தால் ஏழு, எட்டு. அலுவலகச் சண்டை ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டு. ஒருமுறை ஒரு பயிற்சி முகாமில் ஐந்தாம் நாள், குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது. கேட்கிறவன் என்று தனியாக யாரும் இல்லாதது போல இருபது நிமிடம் போயிற்று. அதற்குப் பத்துக்குப் பத்து. அப்புறம் ஒன்றரை வருடம் அந்தச் சொட்டுச் சத்தத்தைத் தேடியே உட்கார்ந்தேன். மார்க் இறங்கிக்கொண்டே போனது. அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை யாருப்பா திருத்துறாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். பிரச்சினை "பலன்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. விதைத்தால் விளையும், உழைத்தால் கூலி வரும் என்ற கணக்கில்தான் நாம் யோசிக்கிறோம். ஆனால் பௌத்தத்தின் அடிப்படையே சார்பில் தோற்றம். ஒன்றைச் சார்ந்து உண்டான எதுவும், அந்தச் சார்பு போனால் தானும் போகும். தியானம் செய்து நிர்வாணத்தை, அதாவது ஆசையும் துன்பமும் அற்ற விடுதலை நிலையை, உண்டாக்கினோம் என்றால் அதுவும் ஒரு நாள் கெட்டுப்போக வேண்டிய பண்டம்தான். அதனால்தான் பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்கள் நிர்வாணத்தை "அசங்கத" என்கின்றன. ஆக்கப்படாதது என்று அர்த்தம்.

அப்படியென்றால் புத்தர் காட்டிய பயிற்சி வழியான எண்வழிப் பாதை எதற்கு? இதே கேள்வியைக் கிரேக்க அரசன் மிலிந்தன் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் கேட்பதாக மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில் வருகிறது. நாகசேனரின் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மனிதன் தன் கால் பலத்தால் இமயமலைக்கு நடந்து போய்விடலாம். அதே பலத்தால் இமயமலையை இங்கே கொண்டுவர முடியுமா? பாதை நிர்வாணத்துக்குக் கொண்டுபோகும், நிர்வாணத்தை உற்பத்தி செய்யாது. நடந்ததால் மலை முளைக்கவில்லை. ஆனால் நடக்காதவன் மலையைப் பார்க்கவும் இல்லை. என் நோட்டில் நான் செய்துகொண்டிருந்தது மலையை வீட்டுக்கு இழுத்துவரும் வேலை.

புத்தர் சொன்னதாகவே, அவர் உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் இரண்டு உவமைகள் இருக்கின்றன. ஒன்று கோழி. எட்டோ பத்தோ பன்னிரண்டோ முட்டையிட்ட கோழி, சரியாக அடைகாக்காமல் "என் குஞ்சுகள் ஓட்டை உடைத்து நல்லபடியாக வெளியே வரட்டும்" என்று எவ்வளவு ஆசைப்பட்டாலும் வராது. சரியாக அடைகாத்தால், அப்படி ஓர் ஆசை அதற்கு எழாவிட்டாலும் குஞ்சு வந்துவிடும். இன்னொன்று தச்சன் மரம் செதுக்கும் வாய்ச்சி. (பாலியில் அதற்கு வாசி என்று பெயர். கிட்டத்தட்ட நம் சொல்லேதான்.) கைப்பிடியில் விரல்களும் கட்டைவிரலும் பதிந்த தடம் தெரிகிறது. இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று தச்சனுக்குத் தெரியாது. தேய்ந்து முடிந்தபோது, தேய்ந்துவிட்டது என்று தெரியும். தினசரி மார்க் போடும் ஆசாமிக்கு இதைவிடப் பெரிய கொட்டு வேறு கிடைக்காது.

இந்த இரண்டு உவமையிலும் கவனிக்க வேண்டியது, ஆசையை எடுத்துவிட்டாலும் வேலை அப்படியே இருக்கிறது என்பது. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாத மரபில், மனிதனைப் பிறவியில் கட்டிவைக்கும் பத்துத் தளைகள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. முதல் படியான சோதாபன்ன நிலையில் மூன்று தளைகள் அறும்: நிலையான "நான்" ஒன்று உண்டு என்ற பார்வை, ஐயம், மூன்றாவதாக சீல விரதங்களைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. இந்த விரதம் இருந்தாலே, இந்தச் சடங்கைச் செய்தாலே தூய்மை வந்துவிடும் என்ற பிடிப்பு, கடைசியில் போவதல்ல, ஆரம்பத்திலேயே போய்விடுவது. ஒழுக்கம் போவதில்லை, அதன் மேல் இருக்கும் பேரம்தான் போகிறது.

இப்போது உங்கள் கேள்வியின் மறுபாதி. "ஏற்கெனவே புத்தன்" என்ற பேச்சு பௌத்தத்தின் இன்னொரு பெரும் பிரிவான மகாயானத்தின் புத்த இயல்புக் கொள்கையிலிருந்து வருவது. நீங்கள் கேட்டதையே 800 வருடத்துக்கு முன் ஜப்பானில் ஹியேய் மலையில் ஓர் இளம் துறவி கேட்டார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பெயர் டோகென் (1200–1253). எல்லோரும் பிறப்பிலேயே புத்த இயல்பு உடையவர்கள் என்றால், எல்லாப் புத்தர்களும் ஏன் ஞானத்தை நாடிப் பாடுபட்டார்கள்? திருப்தியான பதில் கிடைக்காமல் 1223இல் கப்பலேறிச் சீனா போனார்.

அங்கே அவருக்கு முதல் பாடம் சொன்னவர் ஒரு சமையல்காரத் துறவி. டோகென் இன்னும் கப்பலிலேயே தங்கியிருக்கிறார். அறுபத்தொரு வயதான அந்தத் துறவி ஜப்பானியக் காளான் வாங்க நெடுந்தூரம் நடந்து துறைமுகத்துக்கு வருகிறார். இன்றிரவு தங்கிப் பேசிவிட்டுப் போங்கள் என்றால், நாளைக்குச் சமையல் இருக்கிறது, முடியாது என்கிறார். இந்த வயதில் தியானமும் நூல் படிப்பும் இல்லாமல் எதற்கு இந்த அடுப்படி வேலை என்று டோகென் கேட்க, கிழவர் சிரித்துவிட்டு, பயிற்சி என்றால் என்னவென்று உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். பிறகு தியான்தோங் மடத்தில் இன்னொரு கிழவர், வயது அறுபத்தெட்டு, கொளுத்தும் வெயிலில் தலையில் ஒன்றும் போடாமல், வில்லாய் வளைந்த முதுகோடு காளான் காயவைக்கிறார். உதவியாளிடம் விடலாமே என்றால், "மற்றவர் நான் இல்லையே" என்கிறார். இந்த வெயிலில் ஏன் என்றால், "வேறெந்த நேரத்துக்காகக் காத்திருப்பது?" பதினான்கு வருடம் கழித்து, 1237இல், மடத்துச் சமையல்காரருக்கு என்றே ஒரு நூல் எழுதியபோது டோகென் இருவரையும் மறக்காமல் குறிப்பிட்டார்.

டோகெனின் முடிவு இதுதான்: பயிற்சியும் ஞானமும் ஒன்றே. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே தவறு. இன்றுதான் உட்காரத் தொடங்கியவரின் உட்காருதலிலும் ஞானம் முழுசாக இருக்கிறது. இதை முதலில் படித்தபோது சொல் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். தியானத்தைவிட ஒழுக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கொஞ்சம் விளங்கியது. ஒருநாள் பேச விரும்பாத ஒருவரிடமிருந்து போன் வந்தது. "அப்பா வெளியே போயிருக்கார்னு சொல்லு" என்று மகளிடம் சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, போனை வாங்கி, "இப்போது பேச முடியாது, நாளைக்குக் கூப்பிடுகிறேன்" என்றேன். சின்ன விஷயம்தான். ஆனால் பொய் சொல்லாமலிருக்கப் பத்து வருடம் பழகி, அதன் பலனாக ஒருநாள் உண்மையானவனாக ஆகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லாத அந்த நொடியில் உண்மை அங்கே இருக்கிறது, மிச்சம் மீதி இல்லாமல். அடுத்த நொடிக்கு அது செல்லாது, மறுபடி செய்ய வேண்டும்.

டோகென் தன் எழுத்தில் எடுத்தாளும் ஒரு பழைய சீனக் கதை இந்தக் கேள்விக்கென்றே எழுதியது போல இருக்கும். குரு ஒருவர் விசிறிக்கொண்டிருக்கிறார். துறவி ஒருவர் வந்து, காற்றின் இயல்பு என்றும் உள்ளது, அது எட்டாத இடம் கிடையாது, அப்புறம் எதற்கு விசிறுகிறீர்கள் என்கிறார். என்றும் உள்ளது என்று மட்டும் உனக்குத் தெரிகிறது, எட்டாத இடமில்லை என்பதன் அர்த்தம் தெரியவில்லை என்கிறார் குரு. அப்படியென்றால் அதன் அர்த்தம் என்ன என்று துறவி கேட்கிறார். குரு பேசாமல் விசிறினார்.

இருந்தாலும் டோகெனை வைத்து எல்லாவற்றையும் மூடிவிட எனக்கு மனமில்லை. "நான் ஏற்கெனவே புத்தன்" என்பது சோம்பேறிக்கு ரொம்ப வசதியான வாசகம். கோபம் வந்து தட்டை வீசிவிட்டு, அதுவும் புத்த இயல்புதான் என்று சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கொரியத் துறவி ஜினுல் (1158–1210) இதற்கு நல்ல உவமை வைத்திருக்கிறார். உறைந்த குளம் முழுக்கத் தண்ணீர்தான் என்று புரிந்துகொள்வது ஒன்று. அது உருக வெயில் வேண்டும் என்பது இன்னொன்று. உருகாத வரை அந்தத் தண்ணீரால் கழுவவும் முடியாது, பாய்ச்சவும் முடியாது. முதலில் திடீர் விழிப்பு, பிறகு படிப்படியான பயிற்சி என்பது அவர் வரிசை. அதே கொரியாவில் 20ஆம் நூற்றாண்டில் சோங்சோல் என்ற துறவி, விழிப்பு முழுமையானதென்றால் அப்புறம் பயிற்சிக்கு என்ன மிச்சம் என்று அதைக் கடுமையாக மறுத்தார். 8ஆம் நூற்றாண்டுச் சீனாவிலும் திபெத்தின் சாம்யே மடத்திலும் திடீரா, படிப்படியா என்று நடந்த சண்டையின் தொடர்ச்சி அது. அதற்குள் போனால் பதில் முடியாது.

எனக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றுவது புத்தரின் நடைமுறை. பயிற்சி என்பது ஞானத்துக்கான ஏணி மட்டும்தான் என்றால், போதி மரத்தடியிலேயே அவர் அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மஜ்ஜிம நிகாயம் என்ற இன்னொரு உரைத் தொகுப்பில் ஜானுஸ்ஸோணி என்ற பிராமணரிடம் அவரே இந்தச் சந்தேகத்தை எடுக்கிறார்: கோதமனுக்கு இன்னும் ஆசாபாசம் தீரவில்லை போல, அதனால்தான் இன்னமும் காட்டைத் தேடிப் போகிறான் என்று நீர் நினைக்கலாம், அப்படியல்ல, இப்போதே இங்கேயே இனிதாக இருப்பதற்கும், பின்னால் வருகிறவர்கள் மேல் உள்ள கருணைக்கும்தான் போகிறேன்.

தமிழிலேயே இதற்கு ஓர் இடம் உண்டு. மணிமேகலையின் கடைசிக் காதைக்குப் பெயர் "பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை". பிறவித் தளை அறட்டும் என்று அவள் நோற்றாள் என்பதோடு காப்பியம் முடிகிறது. அறுந்ததா, ஞானம் கிடைத்ததா என்று சாத்தனார் சொல்லவில்லை. பள்ளியில் படித்தபோது கதை பாதியில் நின்றுவிட்டது போலிருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

உங்களுக்கு நடைமுறையில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், உட்காருங்கள், மார்க் போடாதீர்கள். நான் நோட்டை நிறுத்தி எட்டு வருடம் ஆகிறது. மனசுக்குள் மார்க் போடும் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இன்று காலை உட்கார்ந்த நாற்பது நிமிடத்தில் இருபத்தைந்து நிமிடமாவது இந்தப் பதிலைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஜினுலின் குளம் அங்கேதான் ஞாபகம் வந்தது. மணி அடித்ததும் "இன்றைக்கு மூன்றுதான்" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.