டரட்டைத் தொடுறதுக்கு முன்னாடி: ஏர் ரைபிள் கேள்வி பதில்

புதுசா ஏர் ரைபிளும் ஸ்கோப்பும் வாங்கினவங்க கேட்ட கேள்விகள் இவை. நான் பதில் சொல்றது 4.5 மி.மீ. ஸ்பிரிங் துப்பாக்கிக்கு மட்டும்தான். பிசிபி (முன்னாடியே காத்து அடைச்சு வச்சுச் சுடுற துப்பாக்கி) வச்சிருக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க, அது வேற உலகம். டரட்டுன்னா ஸ்கோப் மேலயும் பக்கத்துலயும் இருக்கிற, குறியை நகர்த்துற திருகு.

ஈரோடு: அண்ணே, பீப்பாய் மடக்குற மாடல். 10 மீட்டர்ல குறிக்கு 4 செ.மீ. கீழேயே படுது. மேல் டரட்டை முழுசா திருகிட்டேன், இனி சுத்த மாட்டேங்குது. ஸ்கோப் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்ல தம்பி, பீப்பாய் தலை குனிஞ்சிருக்கு. மடக்குற துப்பாக்கி பலதுல பீப்பாய் முனை, ஸ்கோப் உட்கார்ற ரெயிலை விடக் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். கூட வர்ற சாதா சைட்டுல இது தெரியாது. முன் சைட், பின் சைட் ரெண்டுமே பீப்பாய் மேலயே இருக்கிறதால குனிஞ்சாலும் சேர்ந்தே குனியும்.

கணக்கைப் பாருங்க. கால் எம்ஓஏ ஸ்கோப்புல (எம்ஓஏன்னா ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு) டரட்டை ஒரு கிளிக் சுத்தினா 100 மீட்டர்ல குறியை 7 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமா நகர்த்தும். 10 மீட்டர்ல அது வெறும் 0.73 மி.மீ. நீங்க 4 செ.மீ. ஏறணும்னா 55 கிளிக் வேணும். அப்படிக் கடைசி வரைக்கும் மேல ஏத்தினா ஸ்கோப்புக்குள்ளே இருக்கிற குழாயை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் தளர்ந்துடும். அப்புறம் ஒவ்வொரு குண்டுக்கும் குறி தானா மாறும். அந்த நேரத்துலதான் எல்லாரும் ஸ்கோப்பைத் திட்ட ஆரம்பிக்கிறாங்க.

முதல்ல டரட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணி, பாதிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்க. ஸ்கோப்பைப் பிடிக்கிற பின் வளையத்தோட அடிப்பாதியில கூல்டிரிங்க் டின்னிலிருந்து வெட்டின பட்டை ஒண்ணை வைங்க. அந்தத் தகடு சுமார் 0.1 மி.மீ. கனம். வளையங்களுக்கு நடுவே 10 செ.மீ. இடைவெளி இருந்தா, ஒரு பட்டைக்கு 10 மீட்டர்ல 1 செ.மீ. தூக்கும். ரெண்டு பட்டைக்கு மேல வைக்காதீங்க, ஸ்கோப் குழாய் நெளிஞ்சுடும். மிச்சத்தை டரட்டுல எடுங்க. அதுக்கும் அடங்கலேன்னா, இதுக்குன்னே சாய்வா செஞ்ச மவுன்ட் (வளையத்தோட இருக்கிற தாங்கி) வாங்கிடுங்க.

இன்னொண்ணு. மடக்கிக் குண்டை உள்ளே வைக்கும்போது ஒரு கை எப்பவும் பீப்பாயைப் பிடிச்சிருக்கணும். அது திரும்ப மூடிக்கிட்டா விரல் போயிடும்.

மதுரை: நேத்து இடது பக்கம், இன்னிக்கு வலது பக்கம். ஸ்கோப்பை மாத்திடலாமா?

வேண்டாம். ஆலன் கீயை எடுங்க. கட்டையோட முன்பக்கம் ரெண்டு ஸ்குரூ, டிரிகர் கார்டுல ஒண்ணோ ரெண்டோ இருக்கும். புதுத் துப்பாக்கியில ஒரு டின் குண்டு தீர்றதுக்குள்ள அதெல்லாம் இளகும். அடுத்தது மவுன்ட். ரெயில்ல மவுன்ட்டுக்குப் பின்னாடி ஒட்டினாப்ல பென்சிலால ஒரு கோடு போடுங்க. இருபது குண்டுக்கு அப்புறம் கோட்டுக்கும் மவுன்ட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிஞ்சாலோ, மவுன்ட் கோட்டு மேல ஏறியிருந்தாலோ, அது நழுவுதுன்னு அர்த்தம். நழுவாம தடுக்கிற ஸ்டாப் பின் உள்ள மவுன்ட் போட்டு, அந்தப் பின் ரெயில் ஓட்டையில உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. வளைய ஸ்குரூவைக் குறுக்குக் குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும். ஒரு பக்கத்தை முழுசா இறுக்கிட்டு மறுபக்கம் போனா ஸ்கோப் சுத்திக்கும்.

தஞ்சாவூர்: வயல்ல கொக்கு அடிக்க எத்தனை மீட்டருக்கு ஜீரோ பண்ணணும், அதாவது குறியும் குண்டும் ஒரே இடத்துல சேர வைக்கணும்?

எத்தனை மீட்டருக்கும் பண்ண வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல உள்ளே போவீங்க. காக்கா மட்டும் பரவாயில்லையான்னு அடுத்து கேட்பீங்க, அதுவும் இல்ல. கொல்லத் தடை இல்லாத தீங்குயிர்ப் பட்டியல்னு இருந்ததையே 2022 திருத்தம் எடுத்துடுச்சு. டின்னை அடிங்க, காகிதத்தை அடிங்க.

நாகர்கோவில்: தலையை அசைச்சா குறுக்குக்கம்பியும் நகருது. இது பழுதுதானே?

இல்லைங்க, பேரலாக்ஸ். நிறைய ரைபிள் ஸ்கோப்பை 100 கஜத்துக்குன்னு வச்சுத்தான் அனுப்புறாங்க. அதை 10 மீட்டர்ல வச்சுப் பார்த்தா, 40 மி.மீ. லென்ஸுல கண்ணு நடுவுலேருந்து ஓரத்துக்குப் போனா 18 மி.மீ. வரைக்கும் குறி தப்பும். முன் லென்ஸையோ பக்கத்துத் திருகையோ சுத்தி 10 மீட்டருக்குக் கொண்டுவர்ற ஸ்கோப் வாங்குங்க. அது வரைக்கும் கன்னத்தைக் கட்டையில ஒரே இடத்துல வச்சுப் பழகுங்க.

கோயம்புத்தூர்: சார், லேசான, மடக்குற மாடல். மணல் மூட்டை மேல அழுத்தி வச்சு, தோள்ல இறுக்கிப் பிடிச்சு அடிக்கிறேன். அப்பவும் குரூப் (குண்டெல்லாம் சேர்ந்து படுற இடம்) சிதறுது.

அதனாலதான் சிதறுது. ஸ்பிரிங் துப்பாக்கியில பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் காத்துல முட்டி நிக்கும்போது துப்பாக்கி முன்னே குதிக்கும். இந்த ஆட்டம் நடக்கும்போது குண்டு இன்னும் பீப்பாய்க்குள்ளதான் இருக்கு. மூட்டை மேல அழுத்தினா ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி துள்ளும். மூட்டை மேல உங்க இடது உள்ளங்கையை வைங்க, துப்பாக்கி அது மேல சும்மா படுத்திருக்கட்டும். விரலை மடக்கிப் பிடிக்காதீங்க. தோள்லயும் லேசாத்தான் தொடணும்.

குறுக்கே ஒருத்தர்: எங்க அப்பா காலத்து .315 ரைபிள், லைசென்ஸோட இருக்கு. இறுக்கிப் பிடிச்சாத்தான் துப்பாக்கி. நீங்க சொல்றது குழந்தையைத் தூக்குற மாதிரி இருக்கு.

ஐயா, உங்க .315ல தோட்டா ஓரிரு மில்லி செகண்டுல வெளியே போயிடும். அதுல பிஸ்டனும் இல்ல, முன்னே குதிக்கிறதும் இல்ல. அந்தப் பழக்கத்தை இங்க கொண்டுவந்தா நடக்காது.

திருப்பூர்: அண்ணே, என்னோடது கனமான அண்டர்லீவர் (பீப்பாய்க்குக் கீழ லீவர் உள்ள மாடல்). நானும் ஏர் ரைபிளை இறுக்கித்தான் பிடிக்கிறேன். 20 மீட்டர்ல ஒரு ரூபாய்க் காசுக்குள்ள போகுது. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

உங்களோடது கனமான அண்டர்லீவர். எடை கூடினா துள்ளல் குறையும், அது கொஞ்சம் மன்னிச்சு விட்டுடும். நீங்களும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இறுக்கிப் பிடிக்கிறீங்க. ஒரே மாதிரி பிடிக்கிறதுதான் விஷயம், லேசாப் பிடிச்சா அது சுலபமா வரும். கோயம்புத்தூர்க்காரர் வச்சிருக்கிறது லேசான, மடக்குற மாடல்.

.315காரர்: எல்லாம் சாக்கு.

சாக்கோ என்னவோ, காகிதம் பொய் சொல்லாது. டரட்டைத் தொடாம அஞ்சு குண்டு இறுக்கி அடிங்க, அஞ்சு குண்டு உள்ளங்கையில வச்சு அடிங்க. ஏர் ரைபிள்ல, உங்க .315ல இல்ல. ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு வாங்க. இதோட இந்தப் பேச்சை முடிச்சுக்கலாம், மத்தவங்க காத்திருக்காங்க.

திருச்சி: குறி நிக்க மாட்டேங்குது, ஸ்கோப் பழுதா?

மதுரைக்குச் சொன்னதைப் படிங்க.

விழுப்புரம்: அண்ணே, என்னோடதும் ஸ்கோப் பழுதுன்னு நினைக்கிறேன்.

ஸ்குரூ. ஸ்குரூ. ஸ்குரூ.

கடலூர்: ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் மாதிரி என் பொண்ணு 10 மீட்டர் சுடணும்னு ஆசைப்படறா. எந்த ஸ்கோப் வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். அந்தப் போட்டியில ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது, சின்ன ஓட்டை வழியாப் பார்க்குற பீப் சைட்தான். ஊர்ல ரைபிள் கிளப் இருந்தா முதல்ல அங்கே கூட்டிட்டுப் போங்க, காசை அப்புறம் செலவழிங்க.

சேலம்: சுட்டா புகை வருது, பட்டாசு மாதிரி சத்தம். குண்டு மேலயும் கீழயும் படுது.

உள்ளே எண்ணெய் எரியுது. புதுசுல கொஞ்ச நாள் அப்படி இருக்கும், தானா அடங்கும். அது அடங்காம ஜீரோ பண்ண உட்காராதீங்க, வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். காத்து வர்ற ஓட்டையில மெஷின் ஆயில் விட்டீங்களா? விட்டிருந்தா இனிமே விடாதீங்க. பீப்பாய்க்குள்ள கம்பெனி கிரீஸ் இருந்தா, தூண்டில் நரம்புல துணித்துண்டு கட்டி, குண்டு போடுற பக்கத்திலிருந்து இழுத்து எடுங்க. அப்படியே பீப்பாய் மடங்குற மூட்டுல காத்து கசியாம அடைக்கிற சீல் நல்லா இருக்கான்னும் பார்த்துடுங்க. டிஷ்யூ பேப்பர் கீத்து ஒண்ணை மூட்டு மேல போட்டுட்டுச் சுடுங்க, பறந்தா காத்து கசியுது. இழுக்கும்போதும் பீப்பாயை விடாம பிடிச்சுக்கோங்க, முதல்லயே சொன்னேன்.

வேலூர்: 25 மீட்டர்ல சரியாப் படுது, 10 மீட்டர்ல ஏறக்குறைய 1 செ.மீ. கீழே படுது. பழுதா?

இல்ல. ஸ்கோப் பீப்பாய்க்கு மேல 4 செ.மீ.க்கும் அதிகமா உயரத்துல உட்கார்ந்திருக்கு. கிட்டத்துல குண்டு இன்னும் பார்வைக் கோட்டுக்கு ஏறி வரல. நொடிக்கு 230 மீட்டர் வேகத்துல போற குண்டுக்கு இது சரியான கணக்குதான். உங்க துப்பாக்கி ஒழுங்கா இருக்கு.

திண்டுக்கல்: ஸ்குரூ எல்லாம் முடுக்கியாச்சு, மவுன்ட் நழுவல, உள்ளங்கையில வச்சுத்தான் அடிக்கிறேன், நாலு வகைக் குண்டு மாத்திப் பார்த்தேன், பேரலாக்ஸும் 10 மீட்டர்ல வச்சிருக்கேன். இன்னும் சிதறுது.

அப்பாடா, ஒருத்தராவது படிச்சிருக்கீங்க. இப்ப ஸ்கோப்பைச் சந்தேகப்படலாம். 10 மீட்டர்ல பெரிய காகிதம் ஒட்டி, ஒரே புள்ளியைக் குறிவச்சு மூணு குண்டு அடிங்க. 30 கிளிக் மேல ஏத்தி மூணு, 30 வலது போய் மூணு, 30 கீழ இறக்கி மூணு, 30 இடது வந்து மறுபடி மூணு. பக்கத்துக்கு சுமார் 2.2 செ.மீ. வச்ச சதுரம் வரணும், கடைசி மூணு குண்டு முதல் மூணு மேலயே படணும். சதுரம் கோணலா வந்தாலோ கடைசி மூணு வேற எங்கயாவது போனாலோ ஸ்கோப்பைக் கழட்டிட்டு சாதா சைட்டுல அஞ்சு குண்டு அடிச்சுப் பாருங்க. அது கூடி விழுந்தா பழுது ஸ்கோப்லதான். தோட்டாத் துப்பாக்கிக்குச் செஞ்ச ஸ்கோப் பலதும் பின்னடி அதிர்ச்சியைத்தான் தாங்கும், ஸ்பிரிங் துப்பாக்கி முன்னே குதிக்கிறதை எல்லாம் தாங்காது. ரெண்டு காகிதத்தையும் கையில எடுத்துக்கிட்டு வாரன்ட்டிக்குக் கடைக்குப் போங்க. மாத்தித் தரும்போது ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு ஏத்ததுன்னு பெட்டி மேல போட்டிருக்கிறதையே கேட்டு வாங்குங்க.