யோசெமிட்டி கேம்ப்சைட்டுகள் ஆன்லைனில் திறந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிடுகின்றனவே, இடம் பிடிக்க என்னதான் வழி?

உங்கள் இணையம் மெதுவாக இருப்பது முக்கியக் காரணம் இல்லை. கலிஃபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேர் வருகிறார்கள். யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் காரை நிறுத்தி டென்ட் போடும் கேம்ப்கிரவுண்டுகளோ அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் என்று மூன்றுதான். பெரியதான அப்பர் பைன்ஸில் சைட்டுகள், அதாவது ஒரு குழு தங்கும் இடங்கள், 230க்குச் சற்று மேல், மற்ற இரண்டில் தலா நூறுகூடக் கிடையாது. 1997 ஜனவரியில் மெர்செட் ஆற்றில் வந்த வெள்ளம் அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்ற இரண்டு கேம்ப்கிரவுண்டுகளை அடித்துப் போனது. அவற்றைத் திரும்பக் கட்டவே இல்லை. எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாத பற்றாக்குறை இது.

இனி, முன்பதிவு நடக்கும் அமெரிக்க அரசுத் தளமான ரெக்ரியேஷன் டாட் கவ்வின் விதிகள். பைன்ஸ் மூன்றும் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி காலை 7 மணிக்கு (பசிபிக் நேரம்), ஐந்து மாதத்துக்குப் பிந்தைய ஒரு மாதத் தொகுதியாகத் திறக்கும். ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 14 வரை வேண்டுமென்றால் பிப்ரவரி 15 அன்று உட்கார வேண்டும். டெக்சாஸில் அப்போது காலை 9, நியூ ஜெர்சியில் 10. ஊரிலிருந்து யாராவது உதவுவதாக இருந்தால், பிப்ரவரியில் இந்திய நேரம் இரவு 8:30. மார்ச்சில் அமெரிக்கக் கடிகாரம் மாறிய பிறகு 7:30.

அன்றைக்குச் செய்ய வேண்டியது: பத்து நிமிடம் முன்பே லாகின் செய்துவிடுங்கள், பழைய லாகின் சரியான நேரத்தில் காலாவதியாகிக் காலை வாரும். எல்லா சைட்டும் தெரியும் பெரிய அட்டவணையை நம்பாதீர்கள். அது பச்சையாகக் காட்டும் இடம் ஏற்கெனவே இன்னொருவர் கார்ட்டில் இருக்கலாம். ஆறேழு சைட் எண்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்தையும் தனி டேபில் திறந்து, தேதியைப் போட்டு வையுங்கள். உங்கள் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள வண்டி) அல்லது டென்ட் அந்த சைட்டுக்குப் பொருந்துமா என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். மணி ஏழானதும் ஒரு டேபில் அழுத்துங்கள். போய்விட்டது என்று வந்தால் அங்கேயே திரும்பத் திரும்ப அழுத்தாமல் அடுத்த டேபுக்குத் தாவுங்கள். கார்ட்டில் விழுந்துவிட்டால் 15 நிமிடம் அது உங்களுடையது. அதன்பின் அவசரம் தேவையில்லை, கார்டு எண்ணை நிதானமாக அடிக்கலாம்.

நண்பர்கள் நால்வர் ஆளுக்கொரு கணக்கில் முயல்வது நல்ல உத்திதான். ஆனால் யாருடைய பெயரில் கிடைக்கிறதோ அவர் படம் உள்ள அடையாள அட்டையோடு கட்டாயம் வந்தாக வேண்டும். முன்பதிவைப் பெயர் மாற்றித் தர முடியாது. ஒரு சைட்டில் ஆறு பேருக்கு மேல் தங்கவும் முடியாது. இரண்டு குடும்பம் என்றால் இரண்டு சைட்.

யோசெமிட்டிக்கு வெளியே, தேசிய வனங்களில் உள்ள பல கேம்ப்கிரவுண்டுகளில் மாதத் தொகுதி கிடையாது. ஆறு மாதம் முன்னதாக தினம் ஒரு தேதி திறக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான். கணக்கில் வருவது நீங்கள் வந்துசேரும் தேதி மட்டுமே. புதன்கிழமை வருகிறவர் புதனுக்கான கதவு திறந்ததும் வெள்ளி, சனி இரவுகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் வெள்ளிக்கான நாளில் சரியாகப் போய் நிற்கும்போது வெள்ளி ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். எனவே வார இறுதி வேண்டுமானால் வியாழன் இரவிலிருந்தே பதியப் பாருங்கள், வியாழனன்றே போய்ச் சேரவும் செய்யுங்கள். வாரநாட்களைச் சும்மா சேர்த்துப் பிடித்துவைத்து, பிறகு அந்த நாட்களை மட்டும் பதிவிலிருந்து உடனே வெட்டுவதை இப்போது தளமே தடுக்கிறது. அப்படிச் செய்வது மற்ற குடும்பங்களின் இடத்தைத் திருடுவதற்குச் சமம் என்பது என் கருத்து.

கிடைக்கவில்லையா? உண்மையான வாய்ப்பு இனிமேல்தான். தட்கலில் இருப்பதுபோன்ற வெயிட்டிங் லிஸ்ட் இதில் கிடையாது. யாராவது கேன்சல் செய்தால் அந்த இடம் பொதுவில் விழும், முதலில் பார்த்தவருக்கே கிடைக்கும். பைன்ஸில் ஓர் இரவுக்கு 36 டாலர். கேன்சல் செய்தால் இழப்பது 10 டாலர் மட்டும். இவ்வளவு மலிவாக இருப்பதால் பலர் முடிவெடுக்காமலே மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். வந்துசேரும் நாளுக்கு முந்தைய நாள் தொடங்கிவிட்டால் முதல் இரவின் கட்டணமும் போய்விடும் என்பதால், அதற்கு முன்பே கையைக் கழுவிவிடுவார்கள். ஆக, பயணத்துக்கு இரண்டு முதல் ஐந்து நாள் முன்பு காலையும் மாலையும் பார்ப்பது பலன் தரும். இடம் காலியானால் தகவல் அனுப்பும் வசதி தளத்திலேயே உண்டு, அதை இயக்கிவையுங்கள். ஆனால் அதே தகவல் பலருக்கும் போகும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மூன்று இரவாகத் தேடுவதைவிட ஒவ்வொரு இரவாகத் தேடினால் அதிகம் அகப்படும். இரவுக்கொரு சைட் என்று டென்டைத் தூக்கி மாற்றிக்கொள்ளத் தயாராக இருங்கள்.

வராமலே போகிறவருக்கு 20 டாலரும் முதல் இரவுக் கட்டணமும் போகும். ஆனாலும் மறுநாள் செக்‌அவுட் நேரம் வரை சைட் அவர் பெயரில்தான் இருக்கும். கண்ணெதிரே வெறிச்சோடிக் கிடந்தாலும் அங்கே டென்ட் போடக் கூடாது. நீங்களே தாமதமாக வருவதாக இருந்தால், அந்த நேரத்துக்குள் வந்துவிடுங்கள்.

டென்ட் மட்டும்தான் என்றால் பள்ளத்தாக்கிலேயே உள்ள கேம்ப் 4 என்ற கேம்ப்கிரவுண்டையும் பாருங்கள். சீசனில் அது ஒரு வாரம் முன்னதாகத்தான் திறக்கும், ஆளுக்கு இரவுக்கு 10 டாலர். எதுவுமே அமையாவிட்டால் பூங்காவைச் சுற்றியுள்ள சியரா, ஸ்டானிஸ்லாஸ் தேசிய வனங்களில் முன்பதிவே இல்லாமல் முதலில் வந்தவருக்கு இடம் தரும் கேம்ப்கிரவுண்டுகள் இருக்கின்றன. அங்கே வெள்ளி மாலை போனால் வீண், வியாழன் முற்பகலே போய்விட வேண்டும். அடுப்பு பற்றவைக்க கலிஃபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட் தேவைப்படலாம். ஆன்லைனில் இலவசமாகவே கிடைக்கும், மலையில் சிக்னல் இருக்காது என்பதால் கிளம்பும் முன்பே எடுத்துவையுங்கள்.